ஹாங்காங் வங்கிப் பங்கு: வைத்திருப்பதா, விற்பதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வந்தவை. நான்கும் எச்.எஸ்.பி.சி. என்ற ஒரே பன்னாட்டு வங்கியின் பங்குகளைப் பற்றியவை. தலைமுறை தலைமுறையாக ஹாங்காங், சிங்கப்பூர், துபாய் என்று பிழைக்கச் சென்றவர்களின் ஊர்கள் இவை என்பதால் அதில் வியப்பில்லை. எனவே பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கீழக்கரை வாசகர்: அஸ்ஸலாமு அலைக்கும். ஹாங்காங்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்யும் நம்மூர்க்காரர் ஒருவரின் கடையில் நெடுங்காலம் கணக்கு எழுதிவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பினேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சிறுகச் சிறுக வாங்கிய 8,000 எச்.எஸ்.பி.சி. பங்குகள் அங்குள்ள கணக்கிலேயே இருக்கின்றன. எங்கள் சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அதன் டிவிடெண்டில், அதாவது பங்குதாரர்களுக்கு வங்கி தரும் லாபப் பங்கில்தான் நடக்கிறது. 2020-இல் டிவிடெண்டை நிறுத்தியபோது பட்ட கவலையை நான் மறக்கவில்லை. இப்போது விலை நன்றாக ஏறியிருக்கிறது. 'இன்னும் ஏறும், வைத்திருங்கள் வாப்பா' என்கிறான் மகன். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும்; நம்மூர் வழக்கம் தாங்கள் அறிந்ததுதான். வங்கிப் பங்கு வைத்திருப்பது குறித்த மார்க்கக் கேள்வியை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வேன். தங்களிடம் கணக்கை மட்டும் கேட்கிறேன். விற்பதா, வைத்திருப்பதா?

பதில்: வ அலைக்கும் ஸலாம் ஐயா. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளின் வீட்டுக்கு ஆகும் தொகைக்கும், உங்கள் குடும்பத்தின் மூன்று ஆண்டுச் செலவுக்கும் ஈடான பங்குகளை இப்போதே விற்றுவிடுங்கள். மீதமுள்ளவற்றை வைத்திருங்கள். வரும் டிவிடெண்டைக் கொண்டு இதே பங்கை மேலும் வாங்க வேண்டாம். இது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

2020-இல் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். இந்த வங்கி 1865-இல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்டது; லாபத்தின் பெரும்பகுதியை இன்றும் ஆசியாவில்தான் ஈட்டுகிறது. ஆனால் பிரிட்டனின் மிட்லண்ட் வங்கியை 1992-இல் வாங்கிய பிறகு தலைமையகம் லண்டனுக்கு மாறியது; அதனால் வங்கிக் குழுமத்தின் தலையாய கண்காணிப்பாளர் பிரிட்டன் மத்திய வங்கியே. கொரோனா பரவியபோது அந்தக் கண்காணிப்பு அமைப்பு, பெரிய வங்கிகள் எல்லாம் டிவிடெண்ட் வழங்குவதை நிறுத்தி மூலதனத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 2020 மார்ச் 31 அன்று, 2019-ஆம் ஆண்டுக்காகப் பங்கு ஒன்றுக்கு அறிவித்திருந்த 0.21 அமெரிக்க டாலர் டிவிடெண்டை எச்.எஸ்.பி.சி. ரத்து செய்தது. உங்கள் 8,000 பங்குகளுக்கு அது 1,680 டாலர். வங்கி அப்போது நட்டத்தில் இல்லை. 2019-இல் வரிக்கு முந்தைய லாபம் 1,330 கோடி டாலர், கொரோனா ஆண்டான 2020-இல் கூட 880 கோடி டாலர். லாபம் இருந்தும், கொடுக்க மனம் இருந்தும், கொடுக்க முடியாத நிலை ஒரு வங்கிக்கு வரலாம் என்பதை ஹாங்காங்கின் முதியவர்கள் பலரும் அப்போதுதான் அறிந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பங்கின் விலை 30 ஹாங்காங் டாலருக்கும் கீழே போய், 1995-க்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது.

நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாட்களுக்கு வருமானம் இராது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். அதற்கேற்ப வீட்டில் ஏற்பாடு செய்துகொள்வார்கள். வங்கி டிவிடெண்டின் தடைக்காலத்திற்கு அப்படித் தேதி கிடையாது. ஆகவே டிவிடெண்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர், தேதி தெரியாத அந்த நாட்களுக்கான பணத்தை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுச் செலவுக்கு விற்கச் சொல்வது இதனால்தான். 2020-க்கு வழங்கப்பட்ட டிவிடெண்ட் 0.15 டாலர், 2021-க்கு 0.25, 2022-க்கு 0.32, 2023-இல்தான் 0.61 ஆக உயர்ந்து பழைய அளவைத் தாண்டியது. நின்ற டிவிடெண்ட் பழைய நிலைக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

இனி உங்கள் மகனின் வாதத்துக்கு வருகிறேன். வங்கியின் வரிக்கு முந்தைய லாபம் 2023-இல் 3,030 கோடி டாலராகவும், 2024-இல் 3,230 கோடி டாலராகவும் உயர்ந்தது. பங்கின் விலை 2025-இல் 100 ஹாங்காங் டாலரைக் கடந்தது. அதாவது 2020-இன் அடிமட்டத்திலிருந்து மூன்று மடங்குக்கும் மேல். இந்த ஏற்றத்தின் ஒரு பகுதி வங்கி தானே உழைத்துச் சேர்த்தது. அமெரிக்காவில் தனிநபர்களுக்கான சில்லறை வங்கித் தொழிலின் பெரும்பகுதியை விட்டு வெளியேறியது. பிரான்சில் சில்லறைத் தொழிலையும், கனடா, அர்ஜென்டினா நாடுகளில் தொழில் முழுவதையும் விற்றது. செல்வந்தர்களின் பணத்தை நிர்வகித்துக் கட்டணம் பெறும் தொழிலை ஆசியாவில் வளர்த்தது. கிடைத்த பணத்தில் தன் பங்குகளையே சந்தையில் வாங்கி ரத்து செய்ததால், 2020-இல் 2,000 கோடிக்கு மேல் இருந்த பங்குகளின் எண்ணிக்கை 2024 முடிவில் 1,800 கோடிக்குச் சற்றுக் கீழே வந்தது. பங்குகள் குறைந்தால் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் உரிய லாபம் கூடுகிறது. நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே வங்கியில் உங்கள் உரிமை சற்றே பெரிதாகியிருக்கிறது.

ஆனால் ஏற்றத்தின் பெரும்பகுதி வட்டி விகிதத்தால் வந்தது. இதை உங்கள் மகன் கூர்ந்து பார்க்க வேண்டும். ஹாங்காங் டாலர் 1983 முதல் அமெரிக்க டாலருடன் கட்டப்பட்டிருப்பதால் அமெரிக்காவில் வட்டி ஏறினால் ஹாங்காங்கிலும் ஏறும். 2022 மார்ச் வரை கிட்டத்தட்ட சுழியமாக இருந்த அமெரிக்க அடிப்படை வட்டி, 2023 ஜூலைக்குள் 5.25 – 5.50 சதவீதத்துக்குப் போனது. ஹாங்காங் மக்கள் நடப்புக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும் வட்டி அதிகம் எதிர்பாராமல் போட்டு வைத்திருக்கும் பெருந்தொகை இந்த வங்கியிடம் உண்டு. அந்தப் பணத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டி மெல்ல ஏற, அதைக் கடனாகக் கொடுத்தும் பத்திரங்களில் போட்டும் வாங்கும் வட்டி வேகமாக ஏறியது. இடைவெளி முழுவதும் லாபமாயிற்று. 2024 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. 2025 மே மாதத்தில், நாணயத்தின் மதிப்பு வரம்பை மீறி ஏறாமல் காக்க ஹாங்காங் நாணய வாரியம் சந்தையில் பணத்தை இறக்கியபோது, வங்கிகள் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் ஒரு மாத வட்டி ஏறத்தாழ 4 சதவீதத்திலிருந்து சில வாரங்களில் ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. இத்தகைய காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று வங்கியின் தலைவராலும் உறுதி சொல்ல இயலாது.

இன்னொரு பக்கம் கொடுத்த கடன்கள். சீனாவின் எவர்கிராண்டே என்ற வீடு கட்டி விற்கும் நிறுவனத்தை மூடும்படி 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் ஆணையிட்டது. சீன மனைத் தொழிலில் தொடங்கிய நலிவு, காலியான அலுவலகக் கட்டடங்களும் மதிப்பிழந்த கடைகளுமாக ஹாங்காங்குக்கும் பரவியது. அந்தக் கட்டடங்களின் மீது கடன் கொடுத்தவற்றில் எச்.எஸ்.பி.சி.யும் அதன் துணை வங்கியான ஹாங் செங் வங்கியும் முக்கியமானவை. சீனாவின் போக்குவரத்து வங்கியில் வைத்திருக்கும் பங்கின் மதிப்பைக் குறைத்துக்கொண்டதால் 2023-இன் கடைசிக் காலாண்டில் 300 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுத நேர்ந்தது. அதே பங்குக்காக 2025-இன் முதல் பாதியில் மேலும் 210 கோடி டாலரை எழுதினார்கள். பின்பு 2025 அக்டோபரில் ஹாங் செங் வங்கியில் பிறர் வைத்திருந்த பங்குகளை எல்லாம் ஒன்றுக்கு 155 ஹாங்காங் டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் திட்டத்தை அறிவித்து, அதற்காகப் பங்குகளைத் திரும்பப் பெறும் திட்டத்தை மூன்று காலாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தார்கள். தன்னிடம் ஏற்கெனவே பெரும்பான்மை உரிமை உள்ள, தான் நன்கு அறிந்த வங்கியை முழுமையாக எடுத்துக்கொள்வது பெரிய தவறாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் இந்த வங்கியின் வரலாற்றில் மிகக் கொடிய காயம் ஒரு பெரிய கொள்முதலால்தான் ஏற்பட்டது என்பதை நினைவில் வைக்கிறேன். 2003-இல் ஹவுஸ்ஹோல்டு என்ற அமெரிக்கக் கடன் நிறுவனத்தை வாங்கினார்கள். திருப்பிக் கட்டும் சக்தி குறைந்தவர்களுக்குக் கொடுத்த வீட்டுக்கடன்கள் அதன் வழியே வங்கிக்குள் வந்து சேர்ந்தன. கடைசியில் 2009-இல் பங்குதாரர்களிடமே 1,250 கோடி பவுண்டு புதிய மூலதனம் கேட்கும் நிலை வந்தது, டிவிடெண்டும் குறைக்கப்பட்டது. நீங்கள் அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் இருந்திருந்தால், அந்த உரிமைப் பங்கு வெளியீட்டுக்குப் பணம் திரட்ட அலைந்தவர்களைக் கண்டிருப்பீர்கள்.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, வங்கி இன்று நல்ல உடல்நிலையில்தான் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. இடருக்கு ஏற்ப மதிப்பிட்ட சொத்தில் முதல்நிலை மூலதனம், அதாவது நட்டம் வந்தால் தாங்கும் சொந்தப் பணம், 2024 முடிவில் 14.9 சதவீதம். 2008-க்கு முன் பெரிய வங்கிகள் பொதுவாக இதைவிடக் குறைவாகவே கையில் வைத்திருந்தன. ஆனால் 2020-இல் இந்தப் பங்கு அதன் புத்தக மதிப்பில் (வங்கியின் சொத்திலிருந்து கடன்களைக் கழித்தால் ஒரு பங்குக்கு எஞ்சும் மதிப்பு) பாதிக்கும் குறைவாகக் கிடைத்தது. இப்போது புத்தக மதிப்பைத் தாண்டி விற்கிறது. மலிவாக இருந்தது நியாய விலைக்கு வந்ததால் கிடைத்த லாபம் ஒரு முறைதான் கிடைக்கும். இனி உங்களுக்கு வரக்கூடியது டிவிடெண்டும், லாபம் வளரும் அளவுக்கு மெதுவான விலை உயர்வுமே. அதுவும் நல்ல வருமானம்தான்; மூன்று மடங்கை மறுபடி எதிர்பார்த்து மகளின் வீட்டைத் தள்ளிப்போடத்தக்க வருமானம் அன்று.

உங்கள் கணக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2024-க்கு மொத்தமாக வந்த 0.87 டாலரில் 0.21 டாலர், கனடா தொழிலை விற்ற பணத்திலிருந்து தந்த சிறப்பு டிவிடெண்ட். 2020-இல் நிறுத்தப்பட்டதும் அதே 0.21 என்பதால் பழைய பாக்கி வந்ததாக உங்களைப் போன்ற பலர் மகிழ்ந்திருக்கலாம். அது மறுபடி வராது. வழக்கமான டிவிடெண்ட் 0.66 டாலரே. 8,000 பங்குகளுக்கு 5,280 டாலர். வங்கி தன் லாபத்தில் பாதியை டிவிடெண்டாகத் தருவதாகச் சொல்லியிருப்பதால் லாபம் குறையும் ஆண்டில் இதுவும் குறையும். ஆண்டுக்கு 0.40 டாலர் மட்டும் வந்தால் வீடு எப்படி நடக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நடக்காது என்றால் இன்னும் சில பங்குகளை விற்று, இங்கே அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டம் போன்றவற்றிலோ, மார்க்க நெறிப்படி உங்களுக்கு ஏற்புடைய வேறு வழியிலோ வையுங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டில் குடியிருந்தபோது வாங்கிய பங்குகளை ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. ஊர் திரும்பியவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் வரிச் சலுகைக் காலம், நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால், உங்களுக்கு முடிந்திருக்கும். ஆகவே இந்த டிவிடெண்ட் உங்கள் மொத்த வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பங்குகளையும் அந்தக் கணக்கையும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் பங்குகளின் மதிப்பு 20 லட்சம் ரூபாய் விலக்கு வரம்பை வெகுதூரம் தாண்டியது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரியும், அதன் மேல் செஸும் வரும். வாங்கிய பழைய ரசீதுகள் இல்லாவிட்டால் லாபத்தைக் கணக்கிடுவதே பாடாகிவிடும். ஹாங்காங் தரகரிடம் பழைய கணக்கு விவரங்களை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. உங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பங்குகளை எடுக்க உங்கள் குடும்பம் ஹாங்காங் நீதிமன்றத்தின் ஆணையைப் பெற வேண்டியிருக்கும். அது ஊரிலிருந்து நடத்துவதற்கு எளிய காரியம் இல்லை. கணக்கு எண், தரகரின் முகவரி, எத்தனை பங்கு என்ற விவரம் உங்கள் துணைவியாரிடமும் மகளிடமும் எழுத்தில் இருக்கட்டும்.

தொண்டி வாசகி: என் கணவர் துபாயில் வேலை செய்கிறார், அவருடைய சம்பளக் கணக்கு எச்.எஸ்.பி.சி.யில் இருக்கிறது. வங்கியின் பங்கை நான் இங்கிருந்தே மாதம் 10,000 ரூபாய்க்கு வாங்கிச் சேர்க்கலாமா? சென்னையில் அந்த வங்கியின் கிளை இருக்கிறதே, அங்கே போய்க் கேட்கலாமா?

பதில்: கிளை இருக்கிறது, சகோதரி, ஆனால் அந்தக் கிளையில் பங்கு கிடைக்காது. எச்.எஸ்.பி.சி.யின் இந்தியத் தொழில் தனி நிறுவனமாக நம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. தாய் வங்கியின் பங்குகள் லண்டனிலும் ஹாங்காங்கிலும், வைப்புச் சீட்டுகளாக (பங்குகளை ஒரு வங்கியிடம் ஒப்படைத்து, அவற்றுக்கு ஈடாக வெளியிடும் சீட்டுகள்) நியூயார்க்கிலும் வணிகமாகின்றன. வெளிநாட்டு வங்கியின் பங்கை நம் சந்தையிலேயே ரூபாயில் வாங்கும் வாய்ப்பு ஒரு முறை வந்தது. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி 2010-இல் இந்திய வைப்புச் சீட்டுகளை 104 ரூபாய்க்கு வெளியிட்டது. பின்பற்றி வேறு எந்த நிறுவனமும் வரவில்லை, அந்த வங்கியும் 2020-இல் திட்டத்தை முடித்துக்கொண்டது.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டுமானால் ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பீட்டுத் திட்டத்தின் கீழ்தான் பணம் அனுப்ப வேண்டும். ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் முன்கூட்டியே பிடித்து, பிறகு வரிக் கணக்கில் சரிசெய்வார்கள். இந்த வரம்புகள் உங்களைத் தொடாது. உங்களுக்குத் தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஹாங்காங்கில் இந்தப் பங்கு 400 கொண்ட லாட்டாகவே விற்கும். பங்கு ஒன்று 100 ஹாங்காங் டாலர் என்று வைத்தாலும் ஒரு லாட்டுக்கு நாலு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். நியூயார்க்கில் ஒரு வைப்புச் சீட்டு ஐந்து பங்குகளுக்குச் சமம் என்பதால் சிறு தொகைக்கும் வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் பணம் அனுப்ப வங்கி வாங்கும் கட்டணம், நாணய மாற்றில் போகும் விலை வித்தியாசம், தரகுக் கட்டணம் ஆகியவை 10,000 ரூபாயில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். முதல் நாளிலேயே இழந்து தொடங்கும் முதலீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் கணவர் துபாயில் குடியிருப்பவர் என்பதால் இந்தத் திட்டத்தின் உதவி அவருக்குத் தேவையில்லை. அங்கே ஈட்டிய பணத்தில் அவரே நேரடியாக வாங்கலாம். அப்படி வாங்கினாலும் ஒன்றை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்: சம்பளம் வரும் வங்கியும், சேமிப்பு இருக்கும் வங்கியும், முதலீடு செய்த பங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டுமா? கணக்கு வைத்திருப்பது ஒரு வங்கியின் சேவை பிடித்திருப்பதைக் காட்டும். அதன் பங்கு விலை நியாயமானதா என்பதற்கு அது சான்றாகாது. 1856-இல் தொடங்கிய கிரெடிட் சுவிஸ் வங்கியின் வாடிக்கையாளர்களும் தங்கள் வங்கியை அசைக்க முடியாதது என்றே நம்பினார்கள். 2023 மார்ச்சில் அது ஒரு வார இறுதிக்குள் யு.பி.எஸ். வங்கியிடம் 300 கோடி சுவிஸ் பிராங்குக்குக் கைமாறியது. வைப்புத்தொகை வைத்திருந்தவர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்கள் பெருமளவு இழந்தார்கள்.

தேவிபட்டினம் வாசகி: முதுகலை வணிகவியல் படிக்கிறேன். பன்னாட்டு வங்கி ஒன்றின் ஆண்டறிக்கையை எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களில் எதை முதலில் பார்ப்பது?

பதில்: நல்ல வேலையைக் கொடுத்திருக்கிறார்கள், தங்கையே. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லாபத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்.எஸ்.பி.சி.யையே எடுத்துக்கொண்டால், 2023-இன் கடைசிக் காலாண்டில் வரிக்கு முந்தைய லாபம் முந்தைய ஆண்டைவிட 80 சதவீதம் சரிந்தது. சீனப் போக்குவரத்து வங்கிப் பங்கின் மதிப்புக் குறைப்பும், பிரான்ஸ் தொழிலின் விற்பனை இழப்பும் ஒரே காலாண்டில் விழுந்ததே முக்கியக் காரணம். அன்றாடத் தொழில் அந்த அளவுக்குக் கெடவில்லை. மறு ஆண்டு கனடா தொழிலை விற்றதில் 480 கோடி டாலர் லாபம் வந்து, அர்ஜென்டினா விற்பனையில் 100 கோடி டாலர் நட்டமும் சேர்ந்தது. இத்தகைய ஒரு முறை வரவு செலவுகளை அறிக்கையே தனியாகப் பட்டியலிடும். அவற்றை நீக்கிய லாபத்தை ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்து எழுதுங்கள். உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு அதுதான்.

அடுத்து நிகர வட்டி வருமானத்தையும் கட்டண வருமானத்தையும் பிரித்துப் பாருங்கள். வட்டி விகிதம் ஒரு சதவீதம் குறைந்தால் வருமானம் எவ்வளவு குறையும் என்ற மதிப்பீட்டை வங்கியே அறிக்கையில் தந்திருக்கும். மாணவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு எதிர்பார்க்கப்படும் கடன் இழப்புக்கான ஒதுக்கீடு. கடன்களை மூன்று நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் நிலை நன்றாக நடப்பது, மூன்றாம் நிலை கெட்டுப்போனது. நடுவில் உள்ள இரண்டாம் நிலையில்தான் உங்கள் கண் இருக்க வேண்டும். அது வீங்கத் தொடங்கினால், ஓரிரு ஆண்டுகளில் மூன்றாம் நிலைக்கு என்ன வந்து சேரும் என்பதை ஊகித்துவிடலாம்.

விலை நியாயமா என்று பார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன். நற்பெயர் போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளை நீக்கிய பங்குதாரர் மூலதனத்தின் மீது வங்கி எவ்வளவு ஈட்டுகிறது என்று பாருங்கள். எச்.எஸ்.பி.சி. 2024-இல் 14.6 சதவீதம் ஈட்டியது. அந்த வங்கியின் பங்கில் பணம் போட ஒருவர் குறைந்தது 10 சதவீதம் எதிர்பார்ப்பார் என்று கொண்டால், 14.6-ஐ 10-ஆல் வகுக்க, அந்த மூலதனத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை நியாயம். ஈட்டம் 10 சதவீதமாக இறங்கும் என்று நீங்கள் நம்பினால் ஒரு மடங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆக, சந்தை விலையைப் பார்த்து, வருங்கால ஈட்டத்தைப் பற்றிச் சந்தை என்ன நம்புகிறது என்பதைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம். அந்த நம்பிக்கை உங்களுக்கு மிகையாகத் தோன்றுகிறதா, குறைவாகத் தோன்றுகிறதா என்பதைக் காரணத்தோடு எழுதினால் அதுவே உங்கள் ஆய்வின் முடிவாகிவிடும்.

வழக்குகள், அபராதங்கள் பற்றிய குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். போதைப்பொருள் கும்பல்களின் பணம் தன் வழியே செல்வதைத் தடுக்கத் தவறியதற்காக இந்த வங்கி 2012-இல் அமெரிக்க அரசுக்கு 190 கோடி டாலர் கட்டியது. மேடாஃப் என்ற அமெரிக்கரின் முதலீட்டு மோசடி 2008-இல் வெளிப்பட்டது. அது தொடர்பான வழக்குக்காக 2025-இல் 110 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. இத்தகைய சுமைகளுக்கு ஆயுள் அதிகம்.

பாம்பன் வாசகர்: எச்.எஸ்.பி.சி. பங்குகளைச் சந்தை விலையில் 30 சதவீதம் தள்ளுபடியில் தருவதாக வாட்ஸ்அப் குழு ஒன்றில் சொல்கிறார்கள். வங்கியின் சின்னம் போட்ட செயலியும் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் 50,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. லண்டனிலும் ஹாங்காங்கிலும் நாள்தோறும் யார் வேண்டுமானாலும் முழு விலைக்கு விற்கக்கூடிய பங்கை, முன்பின் தெரியாத உங்களுக்கு 30 சதவீதம் குறைத்துக் கொடுக்க எவருக்கும் காரணமே இல்லை. அந்தச் செயலியில் உங்கள் பங்கும் லாபமும் ஏறிக்கொண்டே போவதாகக் காட்டுவார்கள். எடுக்கப் போகும்போது வரி, கட்டணம் என்று மேலும் பணம் கேட்பார்கள். பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியில் பதிவு பெற்ற தரகரா என்று செபியின் இணையதளத்தில் பெயரைக் கொண்டு சரிபார்க்கலாம். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். குழுவில் உங்கள் ஊர்க்காரர்கள் யாரேனும் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்து, தங்கள் வங்கியிலும் எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் அந்தக் கணக்குகளை முடக்க முடியும்.